இயங்காத நாட்கள்

அலுவலகத்தில் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் கட்டக்காரி. என் காதுபடச் சொல்லமாட்டார்கள். ஆனால் எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். நாட்டின் சுற்றுச்சூழல் புள்ளிவிவரங்கள் அத்தனையையும் ஒரே ஒழுங்கில் அடுக்குவதற்கான சட்டகத்தை உருவாக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்த நாளிலிருந்து, கண்ணில் படுவதையெல்லாம் கட்டம் போட்டு அடைத்துவிடுகிறேன் என்று கேலி. உண்மைதான், என் வீட்டுச் சமையலறை அலமாரியில்கூட டப்பாக்களுக்கு எண் ஒட்டியிருக்கிறேன்.

நான்கு வருட வேலை அது. அதற்கு முன் இருந்த லட்சணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரே ஏரிக்கு மூன்று துறைகள் மூன்று பரப்பளவு கொடுத்தன. நான்காவது துறை அங்கே ஏரியே இல்லை, வீட்டுமனைதான் இருக்கிறது என்றது. நேரில் போய்ப் பார்த்தேன், நான்காவது துறை சொன்னதுதான் சரி. குப்பையை ஒரு நகராட்சி லாரிக் கணக்கில் அனுப்பும். லாரி எவ்வளவு பெரியது என்று கேட்டால் மூன்று மாதம் பதில் வராது, பிறகு லாரியின் படம் வரும். இந்தக் கூத்தையெல்லாம் ஒரு வரிசைக்குக் கொண்டுவர வேண்டும்.

ஆறு பகுதிகளாகப் பிரித்தேன். நிலமும் நீரும் காற்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்பது முதல் பகுதி. அவற்றிலிருந்து நாம் எடுப்பது இரண்டாவது, திருப்பிக் கொட்டுவது மூன்றாவது. வெள்ளம், நிலநடுக்கம் போன்றவை நான்காவது. மக்களின் குடியிருப்பும் உடல்நலமும் ஐந்தாவது. இதையெல்லாம் காக்க அரசு என்ன செய்கிறது, எத்தனை ஆள், எத்தனை இயந்திரம், எத்தனை சட்டம் என்பது ஆறாவது. எந்த எண் எந்தப் பகுதிக்குப் போகும் என்று துறைகள் அடித்துக்கொண்டபோது, கையேட்டின் பதினான்காம் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன்: ‘ஓர் எண் எதை அளந்ததோ அதற்குரிய பகுதியிலேயே அமரும்.’ சண்டை நின்றது. அந்த வரிக்காக வெளிநாட்டு ஆலோசகர் எழுந்து வந்து கைகுலுக்கினார். இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

இன்னொரு விதியும் எழுதினேன். காற்றை அளக்கும் நிலையம் எதுவாக இருந்தாலும், வருடத்தில் நான்கில் மூன்று பங்கு நாட்களுக்குச் செல்லுபடியாகும் அளவு இருந்தால்தான் அதன் ஆண்டுச் சராசரியைப் புத்தகத்தில் போடுவோம். இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தில் இரண்டு புள்ளி வைப்போம். இரண்டு புள்ளி என்றால் ‘விவரம் இல்லை’ என்று பொருள். அரைகுறை அளவை வைத்துக்கொண்டு கதை விடுபவர்களுக்கு இந்த விதி சரியான ஆப்பு என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

என் அண்ணன் அப்படிப்பட்ட ஒரு நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். எங்கள் பெற்றோர் விட்டுப்போன வீட்டில்தான் இன்னும் குடியிருக்கிறார். அந்தத் தெருவின் கடைசியில் இருக்கும் பள்ளிக்கூட மொட்டை மாடியில் அவருடைய இயந்திரம். ஆளுயர இரும்புப் பெட்டி, மேலே ஒரு கூரை. தினமும் காலையில் எடை போட்ட வெள்ளைத் தாளை அதில் பொருத்துவார். இயந்திரம் இருபத்துநான்கு மணி நேரம் காற்றை அந்தத் தாள் வழியே இழுக்கும். மறுநாள் காலையில் தாளை எடுத்து மறுபடி எடை போட்டால், காற்றில் எவ்வளவு தூசி இருந்தது என்று தெரிந்துவிடும். தெருவுக்குப் பின்னால் பழைய டயரை உருக்கி எண்ணெய் எடுக்கும் ஆலை ஒன்று வந்து ஆறு வருடமாகிறது. அண்ணன் மகளுக்கு இன்ஹேலர் வந்து ஐந்து வருடமாகிறது.

நாங்கள் போடும் புத்தகத்துக்கு இந்தத் தடவை ஒரு புது மரியாதை கிடைத்திருந்தது. காற்று அட்டவணையில் எந்தக் குடியிருப்பின் ஆண்டுச் சராசரி நூறைத் தாண்டுகிறதோ, அங்கே இருப்பவர்களுக்கு வேறு இடத்தில் வீடு கட்டிக் கொடுத்து மாற்றுவோம் என்று அரசு ஆணை வந்திருந்தது. அண்ணன் தெருவில் நூற்று நாற்பது குடும்பங்கள். ஆணை வந்த அன்றே அண்ணன் போன் செய்தார்.

“பாப்பா, நம்ம தெரு கண்டிப்பா வந்துடும்ல?”

“நீங்க ஒழுங்கா அளந்து அனுப்பியிருந்தா வராம எங்க போகும்?” என்றேன்.

“நான் ஒருநாள்கூட லீவு போட்டதில்லம்மா.”

முன்வரைவு அச்சாகி எல்லா நிலையங்களுக்கும் போன வாரத்தில் அண்ணன் நேரிலேயே வந்துவிட்டார். பேருந்தில் ஏழு மணி நேரம். வரவேற்பறையில், மடியில் ஒரு பழைய தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். என் அறைக்கு அழைத்துவந்தேன். உட்காரச் சொன்னதும் உட்காராமல் முன்வரைவை எடுத்து மேசைமேல் விரித்தார்.

“எண்பத்தேழாவது வரி. ரெண்டு புள்ளி வச்சிருக்கீங்க. இதுக்கு என்னம்மா அர்த்தம்?”

“விவரம் இல்லைன்னு அர்த்தம். அண்ணா, உங்க நிலையத்துல வருஷத்துல நூத்தி முப்பத்தோரு நாள்தான் செல்லுபடியாகுது. விதிப்படி இருநூத்தி எழுபத்தி நாலு வேணும்.”

“மத்த இருநூத்தி முப்பத்தி நாலு நாள் நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு நினைக்கிற?”

பெட்டியைத் திறந்தார். உள்ளே காகித உறைகள், ஒவ்வொன்றிலும் தேதி. இரண்டு உறைகளைப் பிரித்துத் தாள்களை என் முன்னால் வைத்தார். ஒன்று லேசாக மங்கிய வெள்ளை. மற்றது தார் பூசியது மாதிரி இருந்தது. தொட்டேன், விரலில் ஒட்டிக்கொண்டது.

“இது ஞாயித்துக்கிழமை. ஆலை லீவு. மெஷின் முழு நாளும் ஓடிச்சு. இது செவ்வாய்க்கிழமை. காலைல எட்டு மணிக்கு மாட்டினேன், ஒரு மணிக்குள்ள தாள் அடைச்சுக்கிச்சு. காத்து உள்ள போக வழியில்ல. மோட்டார் சூடாகித் தானா நின்னுடுச்சு. பதினெட்டு மணி நேரத்துக்குக் கம்மியா ஓடினா செல்லாதுன்னு உங்க புஸ்தகத்துலதான் இருக்கு. நானும் செல்லாதுன்னு எழுதினேன்.”

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காற்று எவ்வளவு மோசமோ அவ்வளவு சீக்கிரம் இயந்திரம் நிற்கும். மோசமான நாளெல்லாம் செல்லாத நாள். மழை பெய்த நாளும் விடுமுறை நாளும் மட்டும் செல்லும் நாள். செல்லுபடியான நூற்று முப்பத்தோரு நாட்களுக்குச் சராசரி போட்டுப் பார்த்தேன். எழுபத்தொன்று. அதைப் புத்தகத்தில் போட்டால் மலைப்பிரதேசம் என்று நினைத்துக்கொண்டு ஆட்கள் வீடு பார்க்க வந்துவிடுவார்கள்.

“அண்ணா, விதியைத் தளர்த்தினா எழுபத்தொண்ணுன்னு வரும். அது இந்த ரெண்டு புள்ளியைவிட மோசம்.”

“ரெண்டும் வேணாம். நடந்ததை எழுது. இத்தனை நாள் தாள் அடைச்சு மெஷின் நின்னுச்சுன்னு எழுது. அது போதும். படிக்கிறவனுக்கு மூக்கு இருக்கும்ல?”

என் அண்ணன் பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. நான்கு வருடமாக நானும், விமானத்தில் வந்துபோன நான்கு ஆலோசகர்களும் யோசிக்காததை நின்றபடியே சொல்லிவிட்டார். அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அலுவலகம் என்பதால் டீ வரவழைத்துக் கொடுத்தேன்.

“நம்பிப் போகலாமா பாப்பா?” என்று பேருந்தில் ஏறும்போது கேட்டார்.

“நான் பாத்துக்கறேன். நீங்க நிம்மதியாப் போங்க.”

தகரப் பெட்டியை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் இறுதிக் கூட்டம். காற்று அட்டவணையில் மேலிருந்து கீழாகப் புதிதாக ஒரு பத்தி சேர்த்து எடுத்துப்போனேன். தலைப்பு: ‘தாள் அடைத்து இயந்திரம் நின்ற நாட்கள்’. சராசரி இல்லாத நிலையத்தில் இந்த எண் நூறைத் தாண்டினால், அந்த இடத்தையும் மாற்றும் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைக்கலாம் என்று அடிக்குறிப்பும் எழுதியிருந்தேன்.

எங்கள் இயக்குநர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். அவர் ஒழுங்கான மனிதர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே யோசிப்பவர். அன்றைக்கும் துடைத்தார்.

“மேடம், பதினாலாம் பக்கத்துல நீங்க எழுதின வரியைக் கொஞ்சம் வாசிங்க.”

வாசித்தேன். ஓர் எண் எதை அளந்ததோ அதற்குரிய பகுதியிலேயே அமரும்.

“இந்தப் புதுப் பத்தி எதை அளக்குது? காத்தையா, மெஷினையா?”

யாரோ சிரித்தார்கள். மெஷின் நின்றதே காற்றால்தான், இதுவும் காற்றைப் பற்றிய எண்தான் என்ற பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இயக்குநர் என் பக்கம் லேசாகச் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

“அந்த நிலையத்துல இருக்கிறவர் உங்க சொந்த அண்ணனாமே? நான் இதைக் கூட்டக் குறிப்புல எழுதச் சொல்லலை. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

நான் வாயை மூடிக்கொண்டேன். இதை எங்கே சுற்றி எப்படிச் சொன்னாலும் இதுதான் விஷயம். புத்தகத்தின் முதல் பக்கத்தில் தொகுப்பாளர் என்று என் பெயர் வரப்போகிறது. சொந்தக்காரர்களுக்காக விதியை வளைத்தவள் என்று அந்தப் பெயரோடு சேர்த்துப் பேசுவார்களே என்று பயந்தேன். நூற்று நாற்பது குடும்பங்கள் அந்த நிமிடம் என் நினைவில் இல்லை. என் பெயர் மட்டும்தான் இருந்தது.

“பத்தியை எடுத்துட வேண்டாம்,” என்றார் இயக்குநர் பெரிய மனதோடு. “நல்ல விவரம்தான். ஆறாவது பகுதிக்குக் கொண்டுபோயிடுங்க. கண்காணிப்பு இயந்திரங்கள்னு ஏற்கெனவே ஒரு அட்டவணை இருக்கே.”

போனால் போகட்டும், எப்படியோ புத்தகத்தில் வந்துவிடுகிறதே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். தேடிப் படிப்பவர்கள் படித்துப் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். யார் தேடிப் படிப்பார்கள் என்று நான் நினைத்தேன் என்பது எனக்கே இன்றுவரை தெரியவில்லை.

ஆறாவது பகுதியின் அந்த அட்டவணையில் ஏற்கெனவே ஒன்பது பத்திகள். பத்தாவதைச் சேர்த்ததும் பக்கம் பிதுங்கியது. என் தலைப்பு மூன்று வரிக்கு உடைந்து, பக்கத்துக் கட்டத்தின் மேல் ஏறி நின்றது. மற்ற நிலையங்களில் இயந்திரம் ஏன் நின்றது என்ற விவரமும் இல்லை. சில இடங்களில் மின்வெட்டு, சில இடங்களில் ஆள் வரவில்லை, சில இடங்களில் குரங்கு. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற மாதிரித் தலைப்பைச் சுருக்கினேன். ‘இயங்காத நாட்கள்’. இப்போது ஒரே வரியில் அழகாக உட்கார்ந்தது. அட்டவணைகளைப் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்கு அடுக்க வேண்டும் என்பதும் என் விதிதான், அப்படியே அடுக்கினேன். யாரும் சொல்லி நான் இதைச் செய்யவில்லை. என் கையாலேயே செய்தேன், செய்துவிட்டுப் பக்கம் சுத்தமாக இருக்கிறது என்று திருப்தியும் பட்டேன்.

புத்தகம் வெளிவந்தது. அமைச்சர் ரிப்பன் வெட்டினார், நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். பத்து நாள் கழித்து அண்ணன் போன் செய்தார். நான் எடுக்கத் தயங்கினேன். மாற்றும் பட்டியலில் தெரு இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது என்று அதுவரை எனக்குப் புரியவில்லை.

“பாப்பா, நம்ம தெரு புஸ்தகத்துல வந்துடுச்சு,” என்றார். குரலில் கோபமே இல்லை. “முதல் இடம்.”

“அண்ணா…”

“ஆறாவது பகுதி. நாட்டுலேயே அதிக நாள் மெஷின் ஓட்டாத நிலையம் நம்மதுதான். என் மேலதிகாரி பக்கத்தை மடிச்சு எடுத்துட்டு வந்து காட்டினாரு. இருநூத்தி முப்பத்தி நாலு நாள் என்ன பண்ணிட்டிருந்தேன்னு எழுத்துல பதில் கேட்டிருக்காங்க.”

“அண்ணா, நீங்க உண்மையை எழுதுங்க. தாள் அடைச்சுதுன்னு எழுதுங்க. நானும் கடிதம் போடறேன்.”

“எழுதினேனே. தாள் அடைச்சதுக்கு என்ன ஆதாரம்னு கேக்கறாங்க. புஸ்தகத்துல அப்படி ஒண்ணும் இல்லையாம்.” பிறகு, “பெட்டி உங்கிட்டதானே இருக்கு? அனுப்பி வை,” என்றார்.

அன்றைக்கே பெட்டியையும் ஒரு கடிதத்தையும் அனுப்பினேன். பெட்டி போய்ச் சேர்வதற்குள் அவரைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டார்கள். என் கடிதத்துக்குப் பதில் வந்தது. தங்கள் கருத்து பரிசீலனையில் உள்ளது, புத்தகத்தில் வெளியான விவரத்துக்கு மாறான எதையும் ஏற்பதற்கில்லை என்று இரண்டு வரி. அந்த இரண்டாவது வாக்கியம் எங்கள் கையேட்டிலிருந்தே எடுத்தது. அதையும் நான்தான் எழுதியிருந்தேன்.

ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். நான் போனது ஒரு புதன்கிழமை. தெருமுனையில் இறங்கியதுமே தொண்டை கரித்தது. கொடியில் காய்ந்த துணிகள் எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தன. அண்ணன் வீட்டில் இல்லை, பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார் என்று அண்ணன் மகள் சொன்னாள். பதின்மூன்று வயது, ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் பேசுகிறாள்.

“அத்தை… நம்ம தெருவை மாத்தமாட்டாங்களா?”

“பாக்கலாம்டா கண்ணு,” என்றேன். நான்கு வருடம் துல்லியத்தைப் பற்றிப் பிறருக்குப் பாடம் எடுத்தவள் வாயில் வந்தது அதுதான்.

பள்ளிக்கூட மாடிக்கு ஏறினேன். அண்ணன் கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தார். இயந்திரம் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகளும் அதன் கால் பதிந்த சதுரமும் மட்டும் இருந்தன. அந்தச் சதுரத்துக்குள் தரை வெள்ளையாக இருந்தது. சுற்றி எல்லாம் கறுப்பு.

“நேத்து வந்து கழட்டிட்டுப் போயிட்டாங்க. ஒழுங்கா ஓட்டற இடத்துக்குக் குடுக்கறாங்களாம். சரிதானே, நல்ல மெஷின், சும்மா கிடக்கக் கூடாது,” என்றார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவர் என் பையை வாங்கிக்கொண்டு, “படி வழுக்கும், பாத்து இறங்கு,” என்றார். அதற்குப் பதில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டில் அண்ணி தட்டை வைத்தார், தண்ணீர் வைத்தார், முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு கேட்டார்.

“ஏம்மா, அத்தனை பெரிய புஸ்தகம் போட்டியே. அந்தப் புகையை அடைக்க உனக்கு ஒரு கட்டம் கிடைக்கலை. உங்க அண்ணனை அடைக்க மட்டும் கிடைச்சுதா?”

“சும்மா இரு. அவ என்ன பண்ணுவா, விதி அப்படி,” என்று அண்ணன் உள்ளேயிருந்து சொன்னார். அவர் சொன்ன விதி தலைவிதியா, நான் எழுதிய விதியா என்று எனக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை. அண்ணன் பதினான்காம் பக்கத்தை முழுதாகப் படித்திருந்தார்.

இது நடந்து எட்டு மாதமாகிறது. அண்ணன் விசாரணைக்குப் போய்வந்துகொண்டிருக்கிறார். தகரப் பெட்டியை அவர்கள் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் மகள் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவளை என்னோடு அனுப்பச் சொல்லிக் கேட்டேன், அண்ணி மறுத்துவிட்டார். “எங்க தெருவுல விவரம் எதுவும் இல்லையே, அப்புறம் எதுக்கு அனுப்பணும்?” என்றார்.

நேற்று இரண்டாவது பதிப்புக்கான வேலை தொடங்கியது. இயக்குநர் என் மேசைக்கே வந்து, காற்று அட்டவணையின் எண்பத்தேழாவது வரியில் விரல் வைத்தார்.

“இந்த நிலையத்தை மூடிட்டாங்க இல்ல மேடம்? நிலையமே இல்லாத இடத்துக்கு வரி எதுக்கு?”

இந்த முறை சொன்னேன். கூட்டத்தில் விழுங்கியதையெல்லாம், தாள் அடைத்தது, மோட்டார் நின்றது, பெட்டி, உறைகள், எல்லாவற்றையும் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது, பக்கத்து மேசைகளில் தலைகள் நிமிர்ந்தன. இயக்குநர் கண்ணாடியைத் துடைத்தபடி முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மேடம்,” என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். “இப்ப நிலையமே இல்லையே.”

அவர் போன பிறகு கோப்பைத் திறந்தேன். மறுத்தால் வேறு யாராவது செய்யப்போகிறார்கள். எண்பத்தேழாவது வரியைத் தேர்ந்தெடுத்து நீக்கினேன். நடுவில் ஒரு வரி போனால் கீழே உள்ளவற்றின் வரிசை எண் தானாகவே மாறிக்கொள்ளும்படி நான்காண்டுகளுக்கு முன் நானே அமைத்திருந்தேன். எண்பத்தெட்டு எண்பத்தேழாகிவிட்டது, அதற்குக் கீழே உள்ளதெல்லாம் ஒவ்வொன்றாக மேலே ஏறிக்கொண்டன. எங்கே எடுத்தேன் என்று நானே தேடிப் பார்த்தேன், தெரியவில்லை.